நாற்றின் பசியும் நிலவுடைமையும்: சாகாமத்தை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

இலக்கிய மாணவர்களாகிய நாம் மரக்கன்றுகளின் கனிப்பொருட் போசணை பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். விஞ்ஞான பீடத்தார்க்கும் விவசாய பீடத்தார்க்கும் உரிய விடயத்திற் கலைப்பீடத்தார்க்கு என்ன வேலை என்ற வினா நியாயமானதே. எனினும், நிலமும் அதில் உழைப்போரும் இன்றி இலக்கியம் இல்லை என்று மேடைதோறும் கூறிவரும் நாம், அந்நிலத்தின் வளம் எங்கிருந்து வந்தது, எவர் கைக்கு மாறியது என்ற கேள்வியை மட்டும் ஆய்வுகூடத்தின் வாசலில் விட்டுவிட்டுத் திரும்புதல் முறையாகாது. வளம் என்பது பௌதிகப் பொருள். அதற்கு நிறையுண்டு. அதனைச் சுமக்கலாம், விற்கலாம், பறிக்கலாம். ஆகவே அதற்கு வரலாறும் உண்டு.

அக்கரைப்பற்றிலிருந்து உள்நாட்டுப் பக்கமாகச் சாகாமக் குளத்தை நோக்கிச் செல்லும் வழியில், ஒரு விவசாயியின் வளவிற் சில காலத்துக்கு முன் நாம் கண்ட காட்சியே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாயிற்று. மரநடுகைத் திட்டமொன்றின் கீழ் இலவசமாக வழங்கப்பட்ட கன்றுகள் பொலித்தீன் பைகளிலேயே வரிசையாக நின்றன. யூக்கலிப்டசின் அடியிலைகள் வெளிறி, சில ஊதா கலந்த செந்நிறம் கொண்டிருந்தன. சவுக்குக் கன்றுகள் அடிமுதல் நுனிவரை மஞ்சள் பாரித்திருந்தன. தேக்கின் முதிர்ந்த இலைகளின் ஓரங்கள் தீய்ந்து கருகியிருந்தன. கன்றுகளை வழங்கியோர் இதற்குக் கூறிய காரணம் ஒன்றே: இப்பகுதி மக்கள் பராமரிக்க மாட்டார்கள். இச்சொல் புதியதன்று. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் காட்டு நிர்வாகத்தினர் இந்நாட்டு விவசாயியைப் பற்றிக் கூறிவந்த சொல்லே இது. அதனை அப்படியே ஏற்றுக்கொள்வதா, அன்றி அக்கன்றுகளின் இலைகள் வேறு ஏதேனும் சொல்கின்றனவா என்று பார்ப்பதா என்பதே நம்முன் உள்ள பிரச்சினை.

முதலில் விரைந்து வளரும் மரங்களின் தனித்தன்மையை விளங்கிக்கொள்ளல் வேண்டும். கிழக்குக் கரையோரத்து மக்கள் நன்கறிந்த தென்னையை எடுத்துக்கொள்வோம். தேங்காயினுள் உள்ள பருப்பு, முளைவிட்ட நாற்றுக்கு ஓராண்டு வரையேனும் உணவூட்டுகிறது. மணலில் கிடந்தாலும் அது பசியறியாது வளரும். யூக்கலிப்டசினதும் சவுக்கினதும் விதைகளோ தூசிபோலச் சிறியவை. முளைத்த சில நாட்களுள் விதையின் சேமிப்புத் தீர்ந்துபோக, அந்நாற்று வேர் தொடும் மண்ணை மட்டுமே நம்பி நிற்கிறது. (போடியார் வீட்டுப் பிள்ளைக்கும் கூலியாளின் பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு இது என்று நண்பரொருவர் வேடிக்கையாகக் கூறினார், வேடிக்கை முழுப் பொய்யன்று.) அதுமட்டுமன்று. இந்நாற்றுக்கள் வட்டிக்கு வட்டி போலப் பெருகி வளர்பவை. இன்று அதற்குப் போதுமான நைதரசன் அடுத்த கிழமைக்குப் போதாது. நாற்றுக்குப் போசணையை ஒரே அளவாக இடாமல், அதன் வளர்ச்சி வேகத்துக்கு ஈடாகக் கூட்டிக்கொண்டே செல்லவேண்டும் என்பதைச் சுவீடன் நாட்டு இங்கெஸ்ராட் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்த்திய பரிசோதனைகள் தெளிவுபடுத்தின. மெதுவாக வளரும் மரம் குறைந்த உணவுக்கு ஏற்பத் தன் வளர்ச்சியைச் சுருக்கிக்கொள்ளும். விரைந்து வளரும் மரம் அவ்வாறு எளிதிற் சுருங்காது. அதன் பசி முந்தித் தெரியும்.

மண்ணிலிருந்து தாவரம் பெறவேண்டிய இன்றியமையாத மூலகங்கள் 14 என இன்று கணக்கிடப்படுகின்றன. நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், கல்சியம், மகனீசியம், கந்தகம் ஆகியன கூடிய அளவிலும், இரும்பு, மங்கனீசு, நாகம், செம்பு, போரன், மொலித்தனம், குளோரின், நிக்கல் ஆகியன மிகச் சிறு அளவிலும் வேண்டப்படுவன. ஒரு மூலகத்தின் வேலையை இன்னொன்று செய்யாது என்பதே இவற்றை இன்றியமையாதவை என்று அழைப்பதற்குரிய அடிப்படை. 1939 இல் ஆர்னன், ஸ்ரவுற் என்னும் இருவர் இதற்கான நியமங்களை வகுத்தனர். குறைபாடு எந்த இலையில் முதலில் தோன்றுகிறது என்பது முக்கியமானது. நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், மகனீசியம் என்பன தாவரத்தினுள்ளே இடம்பெயரக் கூடியவை. பற்றாக்குறை ஏற்பட்டதும் முதிய இலையிலிருந்து அவை பறிக்கப்பட்டு இளந்தளிருக்கு அனுப்பப்படுகின்றன. அதனால் முதிய இலை முதலில் வாடும். நைதரசன் குறைந்தால் அது ஒரே சீராக வெளிறும். பொசுபரசு குறைந்தால் ஊதா நிறம் ஏறும். பொற்றாசியம் குறைந்தால் ஓரம் தீயும். இரும்பு, கல்சியம், போரன் முதலியன ஒருமுறை குடியேறிய இடத்தைவிட்டு எளிதில் நகராதவை. ஆகவே அவற்றின் குறை இளந்தளிரிலேயே வெளிப்படும். இரும்பு குறைந்தால் நரம்பு பச்சையாக நிற்க இடைப்பகுதி மஞ்சளாகும். போரன் குறைந்தால் குருத்து கருகி நுனி மடியும். நாகம் குறைந்தாலும் பாதிப்பு இளந்தளிரிலேயே தெரியும். இலைகள் சிறுத்து ஒன்றோடொன்று நெருங்கிக் கொத்தாகும். ஆயினும் இவ்வடையாளங்களை மட்டும் நம்புதல் ஆபத்தானது. நீர் தேங்கலும் உப்பும் வேர்ப்புழுவும் இதே வேடம் போடவல்லன. மேலும், கண்ணுக்கு அடையாளம் தெரியும் வேளையிற் கன்று ஏற்கெனவே தன் வளர்ச்சியிற் பெரும் பகுதியை இழந்திருக்கும். இலைப் பகுப்பாய்வும் மண் பகுப்பாய்வும் இன்றி உறுதி கூறுதல் இயலாது.

இவ்வறிவு தோன்றிய வரலாறு நமக்கு மிக நெருங்கியது. வளர்ச்சியை வரையறுப்பது எல்லாவற்றிலும் குறைவாக உள்ள போசணையே என்னும் விதியை ஜேர்மனியில் 1828 அளவில் ஸ்பிரெங்கல் முன்வைத்தார். 1840 இல் லீபிக் அதனைப் பரப்பினார். விதிக்கு லீபிக்கின் பெயரே நிலைத்துவிட்டமை விஞ்ஞான வரலாற்றின் சிறு அநீதிகளுள் ஒன்று. லீபிக்கை மிகக் கருத்தூன்றிப் படித்தவர்களுள் ஒருவர் கார்ல் மார்க்ஸ். ஜேர்மனியில் எழுந்த புதிய விவசாய இரசாயனம் நிலவாடகை பற்றிய ஆய்வுக்குப் பொருளியலாளர் அனைவரையும் விடப் பெரிதும் பயன்படுவதாக அவர் 1866 பெப்ரவரியில் ஏங்கல்சுக்கு எழுதினார். அடுத்த ஆண்டு வெளிவந்த மூலதனத்தின் முதலாம் பாகத்தில், முதலாளித்துவ விவசாயம் உழைப்பாளியை மட்டுமன்றி மண்ணையும் கொள்ளையிடுகிறது என்றும், உணவாகவும் உடையாகவும் நகரத்துக்குச் சென்ற மண்ணின் கூறுகள் மீண்டும் மண்ணுக்குத் திரும்பாமையால் மனிதனுக்கும் நிலத்துக்கும் இடையிலான பரிமாற்றம் குலைகிறது என்றும் விளக்கினார். மண்ணின் வளத்தைச் சமூக உறவாகக் காணும் நோக்கு அங்கே தெளிவுபெறுகிறது. அதே காலத்திற் பேரு நாட்டுக் கடற்பறவை எச்சம் கப்பல் கப்பலாக ஐரோப்பிய வயல்களுக்குச் சென்றதும், அதனை வெட்டியெடுக்கச் சீன ஒப்பந்தக் கூலிகள் அடிமைகள் போல வேலைவாங்கப்பட்டதும் இவ்வாய்வின் பின்னணியாய் அமைந்தன.

தமிழ் மரபில் இப்பிரச்சினை பற்றிய சிந்தனை இல்லாமலில்லை. திருக்குறளின் உழவு அதிகாரத்தில் அடுத்தடுத்து வரும் இரு குறள்களை நாம் பெரும்பாலும் தனித்தனியே படித்துச் செல்கிறோம். ஒன்று, உழுத புழுதி காற்பங்காகும்வரை காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டா என்கிறது. அடுத்தது, ஏர் உழுதலிலும் எரு இடுதல் நன்று என்கிறது. உரையாசிரியர்கள் இவ்விரண்டையும் இசைவாக்க முயன்றனர். போசணை நோக்கிற் பார்க்கும்போது இவற்றிடையே உள்ள இழுபறி கருத்தூன்றத்தக்கது. நன்கு காய்ந்த மண் முதல் மழையில் நனையும்போது அதன் சேதனப் பொருள் விரைந்து சிதைந்து நைதரசன் பெருமளவில் வெளிப்படுகிறது. கென்யாவில் ஆய்வு நடத்திய பேர்ச் என்பார் 1958 இல் இதனை விளக்கியமையால் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. முதற் குறள் கூறும் வளம் உண்மையானதே. ஆனால் அது மண்ணின் முதலிலிருந்து எடுத்த செலவு. இரண்டாவது குறள் அச்செலவை ஈடுசெய்யும் வழியைக் கூறுகிறது. புதிதாகத் திருத்திய நிலத்தின் அனுபவமும் தொடர்ந்து பயிரிட்டுக் களைத்த நிலத்தின் அனுபவமும் அருகருகே பதிவாகியிருக்கின்றன என்று கொள்வது தவறாகாது என நாம் கருதுகின்றோம்.

இனிச் சாகாமத்துக்கு வருவோம். திருக்கோவில், தம்பிலுவில் தமிழ் ஊர்களும் அக்கரைப்பற்று முதல் கல்முனை வரை நீளும் முஸ்லிம் ஊர்களும் கரையோர மணலில் நெருங்கியிருக்க, அவற்றின் வயல்கள் மேற்கே குளங்களின் கீழும், அவற்றுக்கப்பால் மேய்ச்சற் காடும் சேனையுமாக நிலம் விரிந்து கிடப்பது இப்பிரதேசத்தின் அமைப்பு. 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாகும்வரை இது மட்டக்களப்பின் தென்பகுதியாகவே இருந்தது. போடியாரிடம் நிலமும் மாடும், முல்லைக்காரரிடம் உழைப்பு. இவ்வமைப்பிலே வளம் நகர்ந்த வழியைக் கவனித்தல் வேண்டும். பகலிற் காட்டில் மேய்ந்த மாடும் எருமையும் அறுவடைக்குப் பின் வயலிற் பட்டி அடைக்கப்பட்டன. காட்டின் இலையிலும் புல்லிலும் இருந்த நைதரசனும் பொசுபரசும் பொற்றாசியமும் நான்கு கால்களில் நடந்து வயலுக்கு வந்தன. எருமைகள் சேறு மிதித்தன, சூடு மிதித்தன, எருவும் இட்டன. சேனையில் எரித்த காட்டின் சாம்பல் இரண்டொரு போகத்துக்கு உணவாயிற்று. பின் அந்நிலம் காடேற விடப்பட்டது. இதனைப் பொற்காலமாக வருணிப்போர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. வளத்தைச் சுமந்தவனுக்கும் சாணியை அள்ளியவனுக்கும் விளைவிற் கிடைத்த பங்கு அற்பமே. காட்டின் வளம் வயலுக்கு வந்ததேயன்றி வயலிலிருந்து காட்டுக்கு எதுவும் திரும்பவில்லை. ஆயினும் காடு பரந்து, மக்கள் தொகை குறைந்து இருந்தவரை அச்சுற்று அறுபடாது ஓடியது.

அதனை அறுத்தது சட்டம். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மறுதலை நிரூபிக்கப்படும்வரை காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் முடிக்குரியவை என்று கொண்டது. இடைவிட்டுப் பயிரிடும் சேனை நிலமும் இவ்வலையுட் சிக்கியது. மண்ணுக்கு ஓய்வளித்த காலமே உரிமையின்மைக்குச் சான்றாக மாறிற்று. 1882 இல் வின்சென்ற் சமர்ப்பித்த காட்டு நிர்வாக அறிக்கை சேனைப் பயிரிடுவோரைக் காட்டின் அழிவுக்குக் காரணமாகக் காட்டியது. 1885 இற் காட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. மலைநாட்டில் இலட்சக்கணக்கான ஏக்கர் காட்டைக் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் வெட்டி எரித்த தோட்டத்துரைமாரின் சாம்பல் அபிவிருத்தியாகவும், ஏழை விவசாயியின் சாம்பல் அழிவாகவும் எழுதப்பட்டமை கவனத்திற் கொள்ளத்தக்கது.

அச்சாம்பலைக் கண்டித்த அரசே அதனைப் பயன்படுத்தவும் செய்தது. 1856 முதல் பர்மாவிற் காட்டதிகாரியாயிருந்த பிராண்டிஸ், கறென் மக்களின் மலைச்சேனை முறையைத் தேக்கு நடுகையுடன் இணைத்தார். விவசாயி காட்டை வெட்டி எரித்துத் தன் பயிருடன் அரசின் தேக்கையும் நடுவான். இரண்டொரு ஆண்டில் அவன் வெளியேற, தேக்கு நிற்கும். பர்மியச் சொல்லாகிய தௌங்யா என்பதே இம்முறைக்கு உலகெங்கும் பெயராயிற்று. இலங்கையின் உலர்வலயத் தேக்குத் தோட்டங்களிற் பெரும்பகுதி இதன் உள்நாட்டு வடிவத்திலேயே எழுந்தது. போசணைக் கணக்கில் இது என்ன? காட்டை எரிக்கும்போது நைதரசனிலும் கந்தகத்திலும் பெரும்பகுதி புகையாகிப் போய்விடும். பொற்றாசியம், கல்சியம், மகனீசியம், பொசுபரசு என்பன சாம்பலில் எஞ்சும். மண்ணின் அமிலத்தன்மை குறையும். தேக்கோ கல்சியத்தைப் பெருமளவில் விரும்பும் மரம். ஆகவே பல ஆண்டுகளாகக் காடு சேமித்த கல்சியமும் பொற்றாசியமும், விவசாயி கோடரியால் வெட்டி, தீயால் விடுவித்து, களை பிடுங்கிக் காத்து, அரசின் கன்றுக்கு ஊட்டியவையாகும். அவனுக்குக் கிடைத்தது இரண்டு போகத்துக் குரக்கன். கூலியற்ற இவ்வுழைப்பு எந்தக் காட்டறிக்கையின் வரவு செலவிலும் மூலதனமாகக் காட்டப்படவில்லை. வெட்டிய தேக்கு வெளியேறும்போது கல்சியமும் உடன் வெளியேறிற்று. சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நிலம்பூரில் 1840களிற் கலெக்டர் கொனொலியின் திட்டத்தில் சாத்து மேனன் உருவாக்கிய தேக்குத் தோட்டங்களில், மறுநடுகையின் பின் நிலத்தின் தரம் தாழ்கிறதா என்ற கவலை இருபதாம் நூற்றாண்டில் நீண்ட விவாதத்துக்கு இடமளித்தது.

நுண்போசணைகளின் கண்டுபிடிப்பும் இதே வரலாற்றின் ஒரு கிளை. மேற்கு அவுஸ்திரேலியாவின் பைன் தோட்டங்களில் இலைகள் சுருண்டு கொத்தாகியமைக்கு நாகப் பற்றாக்குறையே காரணம் என்பதும், நாகக் கரைசலை இலையில் தெளித்தால் மரம் மீள்கிறது என்பதும் 1930களிற் கண்டறியப்பட்டன. வட றொடீசியாவில், அதாவது இன்றைய சாம்பியாவில், யூக்கலிப்டசின் நுனி மடிந்தமைக்குப் போரன் பற்றாக்குறையே காரணம் என்பது 1962 அளவிற் பதிவாயிற்று. அங்கே செப்புச் சுரங்கங்களுக்கு மரம் வேண்டியிருந்தது. புவெட்டோ றிக்கோவிற் பல ஆண்டுகளாகப் பைன் நாற்றுக்கள் ஓரளவு முளைத்து மஞ்சளாகி இறந்துகொண்டே இருந்தன. 1955 இல் வட கரோலினாவிலிருந்து கொண்டுவந்த மண்ணைச் சிறிதளவு கலந்த பின்னரே அவை தழைத்தன. வேரோடு கூடிவாழும் பூஞ்சணம் அந்த மண்ணில் இருந்தது. அது பொசுபரசை வேருக்குத் தேடிக்கொடுத்தது. இவை மகத்தான அறிவுகள். இவற்றைக் கண்டறிந்தோரை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம்: பெருந்தோட்டத்தின் கன்று மஞ்சளானபோது மண் சோதிக்கப்பட்டது, விவசாயியின் கன்று மஞ்சளானபோது விவசாயி சோதிக்கப்பட்டான். 1983 இற் கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்து விவசாயிகள் காட்டிலாகாவின் நாற்றுமேடைக்கு அணிவகுத்துச் சென்று யூக்கலிப்டஸ் நாற்றுக்களைப் பிடுங்கிவிட்டுப் புளியும் மாவும் விதைத்தமை, இந்த ஏற்றத்தாழ்வை உணர்ந்தோரின் எதிர்வினை எனலாம்.

சுதந்திரத்தின் பின் கிழக்குக் கரையில் நிகழ்ந்த மாற்றங்கள் தனி நூலுக்குரியன. 1949 இற் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. இங்கினியாகலையிற் பேரணை எழுந்தது. பெருங்காடு வெட்டப்பட்டுக் குடியேற்றங்கள் உருவாயின. நமது பொருளுக்கு வேண்டியது இவ்வளவே: காடும் மேய்ச்சற்றரையும் சுருங்கின, உழவு இயந்திரம் எருமையை வெளியேற்றிற்று, எருமையுடன் எருவும் போயிற்று. 1962 முதல் வழங்கப்பட்ட பசளை மானியம் அவ்விடத்தை நிரப்பியது. ஆனால் அது நெல்லை நோக்கியது. வீட்டு வளவிலும் மேட்டுநிலத்திலும் நிற்கும் மரக்கன்றுக்கு அதில் இடமிருக்கவில்லை. யுத்தகாலத்தில் ஊர்கள் பெயர்ந்தன, மாடுகள் அழிந்தன. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் இம்மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் அன்று அடைந்த அழிவை இங்கு விவரிக்கத் தேவையில்லை. அதன் பின்னரே கரையோரமெங்கும் மரம் நடும் ஆர்வம் பெருகிற்று. நட்டோரின் நல்லெண்ணத்தை ஐயுறவில்லை. ஆயின் எந்த மரத்தை எந்த மண்ணில் என்ற கேள்வி பின்தள்ளப்பட்டது. கண்டல் நடுகையில் இது எவ்வாறு முடிந்தது என்பதை 2017 இல் வெளிவந்த இலங்கை ஆய்வொன்று காட்டிற்று. நாட்டில் 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நடப்பட்டதில் 200 முதல் 220 ஹெக்டேயர் வரையே வெற்றி கண்டது.

அக்கரைப்பற்றுக் கரையிலிருந்து சாகாமம் வரை செல்லும் ஒருவர் மூவகை மண்ணைக் கடக்கிறார். கரையிலே மணல். நைதரசனும் பொற்றாசியமும் போரனும் ஒரு மழையில் வழிந்தோடும். சிப்பி கலந்த இடங்களிற் காரத்தன்மையால் இரும்பும் நாகமும் இருந்தும் கிடைக்காத நிலை தோன்றும். கடல் நீர் புகுந்த இடத்திற் சோடியம் பொற்றாசியத்துடன் போட்டியிடும். அடுத்து வயற்புறத்து வண்டல். மேட்டிலே கல்சியமற்ற கபில நிற மண் என்று 1961 இல் மூர்மன், பானபொக்கை ஆகியோர் வகைப்படுத்திய மண். மணற்பாங்கானது, சேதனப் பொருள் குறைந்தது, போசணையைப் பிடித்துவைக்கும் ஆற்றல் குன்றியது. ஒரே பையில் வளர்ந்த ஒரே கன்று இம்மூன்றிலும் மூன்று விதமாகப் பசிக்கும்.

அந்தப் பையினுள் இருப்பதும் ஆராயத்தக்கது. தும்பு ஆலைகளின் ஓரம் மலையாகக் குவியும் தும்புச்சோறு மலிவானது, இலேசானது, நீரைப் பிடித்துவைப்பது. எனவே நாற்றுமேடைகள் அதனை விரும்புகின்றன. ஆனால் அதிற் காபனின் அளவு நைதரசனைப் போல் நூறு மடங்குக்கு மேற்பட்டது. அதனைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் முதலில் தமக்கு வேண்டிய நைதரசனைச் சுற்றிலுமிருந்து எடுத்துக்கொள்ளும், கன்று மஞ்சளாகும். மக்கவைத்து, உப்பை நன்னீரிற் கழுவி, பசளை சேர்த்தாலன்றி அது நல்லூடகமாகாது. சவுக்கின் நிலை இன்னும் வேறானது. அதன் வேரில் முடிச்சிட்டு வாழும் பிராங்கியா என்னும் நுண்ணுயிர் காற்றின் நைதரசனை அதற்குப் பெற்றுத் தருகிறது. புதிய நாற்றுமேடையில் அவ்வுயிர் இல்லையெனின் சவுக்கு நைதரசனுக்கு ஏங்கும். பழைய சவுக்கு மரத்தின் அடிமண் ஒரு பிடி, அல்லது அதன் வேர்முடிச்சை அரைத்துக் கலந்த நீர், இக்குறையைப் போக்கப் போதுமானது. செலவற்ற வழி இது. எனினும் முடிச்சு இயங்கப் பொசுபரசு வேண்டும். நம் நாட்டிலேயே எப்பாவலையிற் பொசுபேற்றுப் பாறை உண்டு. 1971 இற் கண்டறியப்பட்ட அப்படிவை அந்நியக் கம்பனியொன்றுக்கு வழங்கும் திட்டத்தை மக்கள் எதிர்த்து வழக்காடி, 2000 ஆம் ஆண்டிற் சாதகமான தீர்ப்புப் பெற்றமை பெருமைக்குரியது. ஆனால் அப்பாறைத்தூள் மெல்லக் கரைவது; மலைநாட்டின் அமில மண்ணிலே தேயிலைக்கு உதவும் அளவுக்கு நடுநிலைத் தன்மை கொண்ட கீழ்மாகாண மண்ணில் அது உதவாது. தேசிய உணர்வு இரசாயனத்தை மாற்றிவிடாது.

இதனை அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. 2021 ஏப்ரலில் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்யப் போவதாக அறிவித்து, மே மாதத்தில் வர்த்தமானி மூலம் நடைமுறைப்படுத்தியது. இயற்கை விவசாயம் என்னும் அழகிய சொல் முன்வைக்கப்பட்டது. அந்நியச் செலாவணி வற்றிப்போயிருந்த நிலை அதன் பின்னால் மறைந்து நின்றது. விவசாயிகள் வீதிக்கு இறங்கினர். நவம்பரில் தடை கைவிடப்பட்டது. அதற்குள் பெரும்போகம் பாழாயிற்று. எருவை விரும்பும் நாமும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும். 50 கிலோ யூரியா மூடையொன்றில் 46 சதவீதம், அதாவது 23 கிலோ நைதரசன் உண்டு. ஈரமான மாட்டெருவில் ஏறத்தாழ 0.5 சதவீதமே நைதரசன் எனக் கொண்டால், அம்மூடைக்கு ஈடாக 4,600 கிலோ எரு வேண்டும். அதிலும் ஒரு பகுதியே முதற் போகத்திற் பயிருக்குக் கிட்டும். இவ்வளவு எருவுக்கு மாடு எங்கே? மாட்டுக்கு மேய்ச்சல் எங்கே?

இக்கேள்வி நம்மை மீண்டும் சாகாமத்துக்கு அருகே கொண்டுவருகிறது. வட்டமடுப் பகுதியிற் பட்டிக்காரர் மேய்ச்சலுரிமை கோருகின்றனர்; நெற்செய்கையாளர் வயலுரிமை கோருகின்றனர்; காட்டுத் திணைக்களம் ஒதுக்குக்காடு என்கிறது. முதலிரு தரப்பிலும் முறையே தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக இருப்பதால் இதனை இனப்பிணக்காகச் சித்திரிப்பது எளிது. பலருக்கு அது பயனுமுடையது. உண்மையில் முன்பு ஒரே சுற்றின் மூன்று கண்ணிகளாயிருந்த காடும் மேய்ச்சலும் வயலும், இன்று ஒன்றையொன்று உண்டு வாழவேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டுள்ளன. 1840 ஆம் ஆண்டுச் சட்டம் வரைந்த கோடு இன்னும் அழியவில்லை. அதன் இருமருங்கும் ஏழைகள் நின்று ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டுகின்றனர்.

நாம் முதலிற் குறிப்பிட்ட வளவில், கன்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், ஒருகாலத்தில் நூறு மாடுகளுக்குப் பட்டி போட்டவர், எமது குறிப்பேட்டை நோக்கிச் சிரித்தார். "பட்டி கிடந்த இடத்தில வைச்சிருந்தா இது இப்படி மஞ்சளிச்சிருக்காது தம்பி. இப்ப பட்டி போட எங்க இடமிருக்கு?" என்றார். யூக்கலிப்டசையும் தேக்கையும் பொறுத்தவரை அவர் கூறியது சரியே. பட்டியிருந்த மண்ணில் நைதரசனும் பொசுபரசும் பொற்றாசியமும் நிறைந்திருக்கும். சவுக்கைப் பொறுத்தவரை மட்டும் அவர் சற்றுப் பிழைபட்டார். அதற்கு வேண்டியிருந்தது, அக்கரைப்பற்றுக் கரையில் நிற்கும் பழஞ் சவுக்கொன்றின் அடிமண். அதனை மறுமுறை வரும்போது ஒரு பையிற் கொண்டுவருவதாக அவரிடம் கூறிவந்தோம்.